வண்ணமும் எண்ணமும்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியை அடுத்து அமைந்த பழைய ஊர் திருத்தங்கல். 2021ஆம் ஆண்டில் அது சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் இவ்வூர் முற்காலத்தில் தங்கால் என்று வழங்கிற்று. தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலும் இவ்வூர்ப் பெயர் அமைந்திருக்கின்றது. இளங்கோவடிகளும் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இவ்வூர்ச் சிறுவன் ஒருவனைப் பற்றிய செய்தியைப் பொதிந்து வைத்திருக்கின்றார்.

சேர மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் அந்தணன், வழியில் தங்காலில் இளைப்பாறினான். அங்கு ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களை நோக்கி, தன்னோடு ஒப்ப ஓதவல்லவர்க்குத் தன் பரிசிலை ஈவதாகக் கூறினான். வார்த்திகன் என்பவனுடைய மைந்தன் மழலை மாறாத நாவினன். ஆயினும் பிழையின்றி உடன் ஓதினான். பராசரன் மகிழ்ந்து அச்சிறுவனுக்கு அணிகலன்களை வழங்கினான். இளஞ்சிறுவனின் கல்வியை வழிப்போக்கன் ஒருவன் நின்று பாராட்டிய ஊர் திருத்தங்கல் என்பதை நினைக்க நம் நெஞ்சம் உவகை கொள்கின்றது.

செவியால் கேட்டு நாவால் ஓதுதல் நம் நாட்டின் தொன்மையான கல்வி முறை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவர்கள் பின்னங்களின் பெருக்கலையும் நொடியில் சொல்வர். இன்றும் தொடக்கப் பள்ளியில் வாய்பாடு ஓதும் ஒலி கேட்கின்றது. அது கேட்கத்தான் வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதை ஒவ்வொரு முறையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு நகராது. ஆனால், ஓதுதல் மட்டும் போதாத இடம் ஒன்று கணக்கில் உண்டு. அதுவே சொற்கணக்கு.

எண்களை மட்டும் கொடுத்துக் கூட்டு என்றோ கழி என்றோ பணித்தால் அது வெறும் எண்கணக்கு. கடை, சந்தை, பயணம், பங்கீடு ஆகிய வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்றைச் சில வாக்கியங்களில் சொல்லி, அதிலிருந்து விடை காணச் சொல்வது சொற்கணக்கு. எண்கணக்கில் தேர்ந்த பிள்ளைகளும் சொற்கணக்கைக் கண்டால் திகைப்பதுண்டு. "ஐயா, இதைக் கூட்டுவதா, கழிப்பதா?" என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளை கணக்கு அறியாத பிள்ளை அன்று. கூட்டவும் அறியும், கழிக்கவும் அறியும். வாக்கியம் என்ன சொல்லுகின்றது என்பதே அதற்கு விளங்கவில்லை.

சான்றாக ஒரு கணக்கைக் காண்போம். "முருகனிடம் 12 கோலிகள் உள்ளன. அவை வள்ளியிடம் உள்ள கோலிகளைவிட 5 மிகுதி. வள்ளியிடம் உள்ள கோலிகள் எத்தனை?" இதைப் படித்த பிள்ளைகளுள் பலர் 17 என்று விடை எழுதுவர். 'மிகுதி' என்னும் சொல் அவர்களை ஈர்த்துவிடுகின்றது. மிகுதி என்றால் கூட்டல் என்று அவர்கள் மனத்தில் பதிந்திருக்கின்றது. யாருடைய கோலிகள் மிகுதி என்பதை 'விட' என்னும் சிறு சொல் காட்டுகின்றது. அச்சொல்லைக் கண் கடந்துவிடுகின்றது. கையோ விரைந்து கூட்டிவிடுகின்றது.

அப்பிள்ளையின் கையில் வண்ணப் பென்சில்களைக் கொடுத்துப் பாருங்கள். முருகனுக்காக 12 வட்டங்கள் வரையச் சொல்லுங்கள். "யாரிடம் மிகுதி?" என்று கேளுங்கள். பிள்ளை வாக்கியத்தை மீண்டும் படிக்கும். "முருகனிடம்" என்னும். "எத்தனை மிகுதி?" என்றால் "ஐந்து" என்னும். அந்த ஐந்து வட்டங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டட்டும். எஞ்சிய வட்டங்களுக்குப் பச்சை தீட்டட்டும். பச்சை வட்டங்கள் எத்தனையோ அத்தனையே வள்ளியின் கோலிகள். பிள்ளை எண்ணிப் பார்த்து "ஏழு" என்று மகிழ்வோடு கூறும். அதன்பின், "முருகனிடம் 12 கோலிகள் உள்ளன. வள்ளியிடம் அவற்றைவிட 5 மிகுதி" என்னும் மற்றொரு கணக்கைக் கொடுத்து, அதன் படத்தை முதற் படத்தின் பக்கத்திலேயே தீட்டச் சொல்லுங்கள். எண்கள் அவையே, 'மிகுதி' என்னும் சொல்லும் அதுவே. ஆயினும் படங்கள் வேறு, விடைகளும் வேறு. ஏன் வேறு என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே கண்டுகொள்ளும்.

இவ்வாறு வண்ணம் தீட்டுவதை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். அவர்கள் திருத்தங்கலும் சிவகாசியும் செய்யும் தொழில்களைச் சற்று நோக்க வேண்டும். 1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தனர். அத்தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளரவே, பெட்டிகளின்மேல் ஒட்டும் வண்ணச் சீட்டுகள் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சுத் தொழில் தழைத்தது. இன்று நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டிகள் பலவற்றில் சிவகாசி அச்சகங்களின் பெயரைக் காணலாம்.

அந்நாட்காட்டியில் உள்ள மயில் எவ்வாறு அச்சாகின்றது? ஓவியத்தில் உள்ள நிறங்களை முதலில் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒவ்வொரு தகடு செய்கின்றனர். பின்னர் நான்கும் தாளின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி விழுகின்றன. மயில் தோகை விரிக்கின்றது. ஒரு தகடு மயிரிழை விலகினும் படம் மங்கிவிடும். பிரித்தறிந்து, பின்பு பொருத்துதலே அச்சின் நுட்பம். சொற்கணக்கின் நுட்பமும் அதுவே. கொடுக்கப்பட்டது எது, கேட்கப்பட்டது எது, மிகுந்தது எது, எஞ்சியது எது என்று நிறம் நிறமாகப் பிரித்தறிந்த பிள்ளை, அவற்றைப் பொருத்தி விடை காண்பது எளிது.

வானில் வெடித்துச் சிதறும் வாணத்தையும் பாருங்கள். அதன் செந்நிறம் ஸ்ட்ரான்சியம் என்னும் உலோகத்தின் உப்பினால் தோன்றுவது. மஞ்சள் சோடியத்தினால் வருவது. நீலம் செம்பினால் வருவது. வேதியியல் அறிந்தவர் வாணத்தின் நிறத்தைக் கண்டே அதில் இருக்கும் பொருளைக் கூறுவர். அங்கு வண்ணம் அழகுக்கு அழகு, பொருளுக்கு அடையாளம். பிள்ளைகளின் கணக்கேட்டிலும் வண்ணம் அவ்வாறே பொருளுக்கு அடையாளமாக நிற்றல் வேண்டும் என்பது என் கருத்து.

இதனை வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கணக்கு வகுப்பில் வண்ணம் தீட்டுதல் மற்றொரு வகையிலும் வழங்குகின்றது. ஒரு கிளியின் படத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கணக்கைக் குறித்திருப்பர். விடை 8 என்றால் பச்சை, 15 என்றால் சிவப்பு என்று கீழே குறிப்பு இருக்கும். பிள்ளை கணக்கைப் போட்டு, விடைக்குரிய வண்ணத்தைத் தீட்டும். எல்லாம் சரியாக இருந்தால் கிளி தோன்றும். இம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. இருபது கணக்குகளைச் சலிப்பின்றிப் பிள்ளை செய்து முடிக்கின்றது. பிழை நேர்ந்தால் கிளியின் சிறகில் கருநிறம் தோன்றித் தன் பிழையைத் தானே உணரச் செய்கின்றது. ஆசிரியர் ஒருவர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் சிற்றூர்ப் பள்ளியில் இது பேருதவி.

ஆயினும் இம்முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. கிளியின் மூக்கு சிவப்பு என்பதைப் பிள்ளை முன்னரே அறியும். கணக்கைப் படியாமலேயே மூக்குக்குச் சிவப்புத் தீட்டிவிடலாம். பக்கத்தில் இருப்பவனின் தாளை ஒருமுறை பார்த்தாலும் போதும். வண்ணம் இங்கு விடைக்குப் பின் வரும் பரிசாக இருக்கின்றதே அன்றி, விடைக்கு முன் செல்லும் விளக்காக இல்லை. எண்கணக்கைப் பழகுவதற்கு இது ஏற்றது. சொற்கணக்கைப் புரிந்துகொள்வதற்கு முதலிற் கூறிய முறையே ஏற்றது. முதலில் பொருளைத் தீட்டட்டும். பின்னர்க் கிளியைத் தீட்டட்டும். இந்த வரிசை மாறினால் தாள் அழகாக இருக்கும். தலை வெறுமையாக இருக்கும்.

சொற்கணக்கும் அதனைக் கண்ணால் கண்டு தீர்க்கும் முறையும் நமக்குப் புதியன அல்ல. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ் நூல் வாழ்க்கையோடு ஒட்டிய கணக்குகள் நிறைந்தது. பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை அறியும் வழி ஒன்று அந்நூலில் உண்டு. காம்பைச் சூழ்ந்துள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் தொகை கிடைக்கும் என்பது அது. எண்ணத்தக்கது எது என்பதைப் பார்த்தறிய வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கின்றது.

அயல்நாட்டு அறிஞரும் இதனையே வலியுறுத்தினர். ஹங்கேரி நாட்டில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்க்கும் வழி பற்றி 1945ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், வழி வகுத்தல், அவ்வழியே செய்தல், செய்ததைத் திரும்பப் பார்த்தல் என்று நான்கு படிகளை அவர் கூறினார். படம் வரைந்து பார் என்பதும் அவருடைய அறிவுரைகளுள் ஒன்று. தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் சிங்கப்பூரில், 1980களில் தொடக்கப் பள்ளிகளுக்குப் பட்டை முறை என்னும் ஒன்றைக் கொண்டுவந்தனர். சொற்கணக்கில் வரும் தொகைகளை நீண்ட பட்டைகளாக வரைந்து, ஒப்பிட்டு விடை காண்பது அம்முறை. கோலிகளுக்கு வண்ணம் தீட்டிய பிள்ளை நாளடைவில் வந்து சேரவேண்டிய இடம் அதுவே.

நம் மாநிலமும் இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை 2007ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. கொரோனாத் தொற்றால் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மூடப்பட்ட பள்ளிகளில், தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. அவ்விடைவெளியில் பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்யும் பொருட்டு, 2022ஆம் ஆண்டு எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்றது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். படமும் பாடலும் ஆடலும் அதில் இடம்பெற்றன. ஏடு வந்துவிட்டது, எழுதுகோலும் வந்துவிட்டது. அவற்றால் பிள்ளை சிந்திக்கின்றதா என்பதை நோக்குவதே இனி நம் கடமை.

இதற்குச் சிலர் மறுப்புக் கூறலாம். வண்ணப் பென்சிலுக்குப் பொருட்செலவு ஆகாதா என்பர். பென்சில் இல்லையெனில் செங்கல் துண்டும் அடுப்புக்கரியும் சுண்ணக்கட்டியும் உள. புளியங்கொட்டையும் வேப்பங்கொட்டையும் இரு நிறம் காட்டப் போதும். செந்நிறத்தையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிய இயலாத கண்ணுடைய பிள்ளைகள் என் செய்வர் என்று கேட்பர். இது நல்ல கேள்வி. ஆசிரியர் மறவாமல் நினைக்க வேண்டிய கேள்வி. அத்தகைய பிள்ளைகள் ஒன்றற்குக் கோடுகளும் மற்றொன்றற்குப் புள்ளிகளும் இட்டு வேறுபடுத்தலாம். நமக்கு வேண்டுவது வேறுபாடு. நிறம் அதற்கு ஒரு கருவி.

பெரிய எண்கள் வந்தால் வண்ணம் தீட்டிக்கொண்டே இருக்க முடியுமா என்பது மற்றொரு மறுப்பு. முடியாதுதான். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு நடைவண்டி செய்து கொடுக்கின்றோம். ஓடக் கற்றபின் அதனைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகின்றோம். ஆனால், நடைவண்டியை முன்னதாகவே பறித்துவிடலாகாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது உதவும் இடம் உண்டு. இவ்வட்டாரத்தில் தீப்பெட்டிகளைக் குரோஸ் கணக்கில் எண்ணுவர். ஒரு குரோஸ் என்பது 12 டஜன், அதாவது 144. "ஒரு குரோஸ் தீப்பெட்டிகளில் மூன்றில் ஒரு பங்கை ஒரு கடைக்கும், நான்கில் ஒரு பங்கை மற்றொரு கடைக்கும் அனுப்பினால் மீதி எத்தனை?" என்று கேட்டால், மூன்றையும் நான்கையும் கூட்டி, 'ஏழில் இரண்டு பங்கு போயிற்று' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. வரிசைக்கு 12 கட்டமாக 12 வரிசை வரையச் சொல்லுங்கள். மூன்றில் ஒரு பங்கு 4 வரிசை; அதற்குச் சிவப்பு. நான்கில் ஒரு பங்கு 3 வரிசை, அதற்கு நீலம். வண்ணம் பெற்றவை 7 வரிசைகள். அஃதாவது பன்னிரண்டில் ஏழு பங்கு. எஞ்சிய 5 வரிசைகளில் 60 பெட்டிகள் உள்ளன. பின்னங்களைக் கூட்டும் விதியைப் பிள்ளை இங்கே கண்டே அறிகின்றது.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று இனியும் ஐயுறுவோர் உளராயின், அவர்கள் இவ்வட்டாரத்தின் பழைய நாட்களை எண்ணிப் பார்க்கட்டும். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவ்வாறு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்த பின்னும், தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் காலம் கழித்த சிறு கைகள் இங்குப் பலவாக இருந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசித் தொழில்களில் குழந்தைகள் உழைப்பது பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கைகளை விடுவிக்க வந்தவை. அன்று பெட்டி ஒட்டிய குழந்தையும் எண்ணிற்று. குரோஸ் குரோஸாக எண்ணிற்று. ஆனால், அந்த எண்ணிக்கை கூலியாக மாறும் கணக்கு அதன் கையில் இல்லை. வேறொருவர் ஏட்டில் இருந்தது.

எண்ணத் தெரிதல் வேறு. கணக்கைப் படித்தறிதல் வேறு. 10,000 ரூபாய் கடனுக்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்று ஒருவர் சொல்லுகின்றார். ஆண்டுக்கு என்றால் வட்டி 300 ரூபாய். மாதத்திற்கு என்றால் ஆண்டு முடிவில் 3,600 ரூபாய். எண் ஒன்றே; ஒரு சொல் மாறிற்று; ஒரு குடும்பத்தின் நிலையே மாறிவிட்டது. பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டம் வரைந்து, வட்டி ஏறும் ஒவ்வொரு கட்டத்திற்கும் வண்ணம் தீட்டிப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் கடன் சீட்டில் கையெழுத்திடுமுன் ஒருமுறை நின்று, "மாதத்திற்கா, ஆண்டுக்கா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி ஆயிரம் பொன் பெறும். எண்ணும் எழுத்தும் இரண்டு கண்கள் என்று நம் முன்னோர் கருதினர். சொற்கணக்கு அவ்விரு கண்களும் ஒரு பொருளை ஒருங்கே நோக்கும் இடம்.

மாணவர்களே! நீங்கள் தொடக்கப் பள்ளியைக் கடந்து வந்துவிட்டீர்கள். ஆயினும் உங்கள் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ சொற்கணக்கின்முன் திகைத்து அமர்ந்திருக்கும் தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். விடையைச் சொல்லிவிடுவது எளிது. அதனால் அப்பிள்ளைக்குப் பயன் இல்லை. பக்கத்தில் அமருங்கள். வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கொடுக்கப்பட்டதற்கு ஒரு வண்ணம், கேட்கப்பட்டதற்கு ஒரு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். பிழையாகத் தீட்டினால் சினவாதீர்கள்; "ஏன் இந்த வண்ணம்?" என்று மட்டும் கேளுங்கள். அப்பிள்ளை தன் விடைக்குத் தானே காரணம் கூறும் நாளில், தங்காற் சிறுவனைப் பாராட்டிய பராசரனைப்போல நீங்களும் மனமாரப் பாராட்டுங்கள்.